பிள்ளைகளிடம் பட்டியலைக் கொடுக்காதீர்கள்: கற்பனைப் பயணத்துக்கான துணைப்படைப்பு பற்றி

சிட்னியில் எச்.எஸ்.சி. (நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தின் பள்ளி இறுதிப் பரீட்சை) ஆங்கிலத்துக்கு ரியூஷன் வகுப்பு நடத்தும் தமிழ் ஆசிரியர்களுக்கு ஒரு திறந்த மடல்

யூலை 2008

அன்புள்ள ஆசிரியர்களுக்கு,

வணக்கம். எச்.எஸ்.சி.க்கு முன் பள்ளிகளில் நடக்கும் ஒத்திகையான ட்ரையல் பரீட்சை நெருங்கிவிட்டது. ஒவ்வோர் ஆண்டும் இந்த நேரத்தில் உங்கள் வகுப்புகளிலிருந்து ஒரு தாள் பிள்ளைகளின் கைக்கு வருகிறது. 'கற்பனைப் பயணம்: ரிலேட்டட் டெக்ஸ்ட்' (துணைப்படைப்பு, அதாவது பாடநூலோடு சேர்த்து எழுத மாணவரே தேர்ந்தெடுக்கும் படைப்பு) என்ற தலைப்பின் கீழ் பத்துப் பதினைந்து பெயர்களும், ஒவ்வொன்றுக்கும் எழுதிவைத்த ஒரு பந்தியும் அதில் இருக்கும். பிள்ளை ஒன்றைத் தெரிந்தெடுத்து மனப்பாடம் செய்துவிடும். இந்தத் தாளை நிறுத்தும்படி கேட்கவும், அதற்குப் பதிலாக என்ன செய்யலாம் என்று சொல்லவுமே இதை எழுதுகிறோம். 'பயணம்' 2004இல் தொடங்கிய பாடப்பரப்பு, அதாவது ஆங்கிலப் பாடத்தின் பொதுத் தலைப்பு. இந்த ஆண்டோடு, 2008இல், அது முடிந்து 2009இல் வேறு தலைப்பு வருகிறது. தலைப்பு மாறினாலும் தாள் மாறாது என்பதால்தான் இப்போதே எழுதுகிறோம்.

முதலில் கணக்கைப் பார்ப்போம். முதலாம் வினாத்தாளின் மூன்றாம் பகுதிக்கு 15 புள்ளிகள், ஏறக்குறைய 40 நிமிடங்கள். அந்த நேரத்துக்குள் பாடநூலைப் (படிக்கும்படி விதிக்கப்பட்ட நாடகம், கவிதைகள், படம் போன்றது) பற்றியும், இந்தத் தலைப்புக்கென எல்லாருக்கும் கொடுக்கப்படும் 'ஜேர்னீஸ்' கையேட்டிலிருந்து ஒரு படைப்பைப் பற்றியும், மாணவர் தாமே தெரிந்தெடுத்த ஒரு படைப்பையேனும் பற்றியும் எழுத வேண்டும். 5 நிமிடம் திட்டமிட, 3 நிமிடம் திருப்பிப் பார்க்கப் போனால், எழுத மிஞ்சுவது 32 நிமிடம். நிமிடத்துக்கு 25 சொற்கள் எழுதும் கைக்கு அது 800 சொற்கள். பாடநூலுக்கு 350, கையேட்டுக்கு 150, தொடக்கத்துக்கும் முடிவுக்கும் 80 என்று கழித்தால் துணைப்படைப்புக்குக் கிடைப்பது 220 சொற்கள்தான். இந்த 220 சொற்களுக்குள் படைப்பை ஒரு வரியில் அறிமுகப்படுத்தி, அது பயணம் பற்றிச் சொல்லும் ஒன்றிரண்டு கருத்துகளை முன்வைத்து, படைப்பின் உருவத்திலிருந்து மூன்று சான்றுகள் காட்டி, பாடநூலோடு இணைக்க வேண்டும்.

இந்தக் கணக்கு தெரிந்தவர் 500 பக்க நாவலைப் பிள்ளைக்குக் கொடுக்கமாட்டார். நாவல் படித்த பிள்ளைக்கு மனதில் நிற்பது கதை. பரீட்சை மண்டபத்தில் கை நடுங்கும்போது கதையே முதலில் வெளியே வரும். கதைச் சுருக்கத்துக்குப் புள்ளி கிடையாது. பயணம் என்ற கருத்து எப்படி உருப்பெற்றிருக்கிறது என்பதை ஆராய்வதற்குத்தான் புள்ளி. இரண்டு துணைப்படைப்பு எழுதினால் கூடுதல் புள்ளி என்ற நம்பிக்கையும் பரவியிருக்கிறது. 220 சொற்களை இரண்டாகப் பிரித்தால் இரண்டும் மெலியும். ஒன்றை நன்றாகத் தயார் செய்து, வேறு வகையான இன்னொன்றைக் கையிருப்பாக வைத்தால் போதும்.

அடுத்தது, கற்பனைப் பயணம் எது என்பது. அதிகமாகப் புள்ளி பறிபோகும் இடம் இது. பாடப்பரப்பு மூன்று பிரிவுகளாக இருக்கிறது: உடலால் போகும் பயணம், அகப்பயணம், கற்பனைப் பயணம். டிராகனும் மந்திரமும் வந்தால் கற்பனைப் பயணம் என்று பிள்ளைகள் முடிவுகட்டிவிடுகிறார்கள். 'தி லோர்ட் ஆஃப் தி ரிங்ஸ்' பட்டியலில் தவறாமல் இருப்பதற்கு இதுதான் காரணம். புனைந்த உலகமொன்றில் கதைநாயகன் ஃப்ரோடோ காலால் நடக்கிறான், மலை ஏறுகிறான், பசி கிடக்கிறான். அந்த உலகத்துக்குள் அது உடலால் போகும் பயணமே. வாசகர் அந்த உலகத்துக்குள் போவதைக் கற்பனைப் பயணமாக வாதிடலாம். ஆனால் அந்த வாதத்தைக் கட்டுவதற்கே 100 சொற்கள் செலவாகிவிடும். ஷோன் டானின் 'தி ரெட் ட்ரீ' எதிர்ப்பக்கம் சாய்கிறது. சோர்ந்துபோன ஒரு சிறுமியின் ஒரு நாளைச் சொல்லும் அந்தப் படநூல் அருமையான படைப்பு, ஆனால் அகப்பயணத்துக்கே அதிகம் பொருந்தும்.

பிள்ளைகளை இப்படிக் கேளுங்கள்: இந்தப் படைப்பிலிருந்து கற்பனை செய்தல் என்ற செயலை எடுத்துவிட்டால் பயணம் மிஞ்சுமா? மிஞ்சினால் வேறொன்று தேடட்டும். மிஞ்சாவிட்டால் அடுத்த கேள்வி: யார் பயணிக்கிறார்? பாத்திரமா, படைத்தவரா, வாசிப்பவரா? இந்தக் கேள்விக்குப் பதில் இல்லாத பந்தி எந்த வினாவுக்கும் வளைந்து கொடுக்காது. ஜோன் லெனனின் 'இமேஜின்' பாட்டு பட்டியல்களில் நிலைத்திருக்கிறது. கற்பனை செய் என்று அது அழைக்கிறது, உண்மை. புறப்பாடு, மாற்றம், திரும்புதல் எதுவும் அதில் இல்லை. ஆகவே பிள்ளை மூன்றாவது வாக்கியத்திலேயே உலக சமாதானம் பற்றி எழுதத் தொடங்கிவிடுகிறது.

தெரிவு செய்யும் ஒழுங்கும் தலைகீழாக இருக்கிறது. துணைப்படைப்பை முதலில் பிடித்துக்கொண்டு, அதைப் பாடநூலோடு எப்படி ஒட்டலாம் என்று தேடுகிறோம். பாடநூலிலிருந்தே தொடங்க வேண்டும். பாடநூல் கற்பனைப் பயணம் பற்றி என்ன சொல்கிறது என்று மூன்று முழு வாக்கியங்களைப் பிள்ளை எழுதட்டும். 'மாயம்', 'அதிகாரம்' என்று தனிச்சொல் எழுதினால் திருப்பிக் கொடுங்கள். ஷேக்ஸ்பியரின் 'தி டெம்பெஸ்ட்' நாடகத்தைப் படிக்கும் பிள்ளை இப்படி எழுதலாம்: தீவில் வாழும் மந்திரவாதி புரொஸ்பெரோவின் கற்பனை மற்றவர்களை அவர்கள் விரும்பாத பயணத்துக்குள் தள்ளுகிறது. அந்தப் பயணத்தில் அவர்கள் தம் குற்றத்தை எதிர்கொள்கிறார்கள். இறுதியில் புரொஸ்பெரோ அந்த ஆற்றலைக் கைவிட்டே வீடு திரும்ப முடிகிறது. இப்போது, இந்த மூன்றிலும் இல்லாதது எது என்று பாருங்கள். தனியொருவர் யாருடைய வற்புறுத்தலும் இல்லாமல் தாமே புறப்படுவது இல்லை. வாசிப்பால் தொடங்கும் பயணம் இல்லை. கற்பனை தோற்றுப்போவது இல்லை. துணைப்படைப்பு அந்த வெற்றிடங்களில் ஒன்றை நிரப்ப வேண்டும். பாடநூல் சொன்னதையே அதுவும் சொன்னால், 'அதேபோல' என்று தொடங்கும் வாக்கியங்கள் மட்டுமே பிறக்கும்.

மேலே சொன்ன வெற்றிடங்களுக்கு ஆங்கிலக் கவிஞர் ஜோன் கீட்ஸே இரண்டு கவிதை வைத்திருக்கிறார். 1816இல் எழுதிய 'ஒன் ஃபர்ஸ்ட் லுக்கிங் இன்டு சப்மன்ஸ் ஹோமர்' 14 வரிகள். பிள்ளை முழுவதையும் மனதில் வைத்திருக்கலாம். தேவையான வரியை எந்த வினாவுக்கும் எடுக்கலாம். முதல் எட்டு வரிகளில் வாசிப்பே கடற்பயணமாகிறது: பொன் நாடுகள், அரசுகள், மேற்குத் தீவுகள். ஒன்பதாம் வரியில் கவிதை திரும்புகிறது. புதிய கோள் ஒன்று பார்வைக்குள் நீந்திவரக் காணும் வானாய்வாளராகவும், மலையுச்சியில் நின்று பசிபிக்கைப் பார்க்கும் கோர்ட்டெஸாகவும் வாசகர் மாறுகிறார். 1781இல் ஹெர்ஷல் யுரேனஸைக் கண்ட செய்தியை அறிந்திருந்த தலைமுறைக்கு அந்த உவமை எவ்வளவு புதிதாக இருந்திருக்கும் என்று பிள்ளையை நினைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். கடைசி வரி 'மௌனமாக' என்ற சொல்லோடு தொடங்குகிறது. பயணத்தின் உச்சத்தில் பேச்சு நின்றுபோகிறது. திருப்பம், உவமை மாற்றம், கடைசி வரியின் முதற்சொல் என்று மூன்று சான்றுகள் கிடைத்துவிட்டன. அந்த மலையிலிருந்து பசிபிக்கை முதலில் கண்ட ஐரோப்பியர் பல்போவா. கீட்ஸ் கோர்ட்டெஸ் என்று எழுதியது வரலாற்றுப் பிழை. இதைக் கெட்டிக்காரப் பிள்ளைகள் ஆர்வமாக எழுதுவார்கள். வினாவோடு இணைத்தால் மட்டும் எழுதச் சொல்லுங்கள், இல்லையென்றால் 20 சொற்கள் வீண்.

1819இல் எழுதிய 'ஓட் டு எ நைட்டிங்கேல்' கற்பனை தோற்கும் இடத்தைக் காட்டும். கவிதையின் சிறகில் பறந்துபோனவரை ஒரே ஒரு சொல், மணி அடித்தாற்போல, தம்மிடம் திரும்ப இழுத்துவிடுகிறது. விழித்திருக்கிறேனா, உறங்குகிறேனா என்ற கேள்வியோடு கவிதை நிற்கிறது. தம் ஆற்றலைத் தாமே துறக்கும் புரொஸ்பெரோவுக்குப் பக்கத்தில், விரும்பாமலே திரும்ப இழுக்கப்படும் இந்தக் குரலை வைத்தால் ஒப்பீடு தானாக வரும். 80 வரிகளையும் படிக்க வேண்டும். சான்றுகளை ஏழாம், எட்டாம் பத்திகளிலிருந்து மட்டும் எடுத்தால் போதும்.

கவிஞர் கோல்ரிட்ஜைப் பாடநூலாகப் படிக்கும் பிள்ளைக்கு கீட்ஸின் இந்தக் கவிதைகளைக் கொடுக்க நாங்கள் தயங்குவோம். ஒரே காலம், ஒரே இயக்கம், தன்மையில் பேசும் ஒரே வகைக் குரல். பல வகையான படைப்புகளில் கருத்து எப்படி உருப்பெறுகிறது என்று பார்ப்பதே பாடத்தின் நோக்கம். இரண்டு ரொமான்டிக் கவிஞர்களைச் சேர்த்து வைத்தால் அந்த நோக்கம் சுருங்கும். இன்னும் பெரிய பொறி 'கொன்டாக்ட்' படத்தைப் பாடநூலாகப் படிக்கும் பிள்ளைக்குக் காத்திருக்கிறது. விண்வெளி என்றதும் வானியலாளர் கார்ல் சாகனின் 'பேல் ப்ளூ டொட்' பகுதியைத் துணையாகக் கொடுக்கத் தோன்றும். 'கொன்டாக்ட்' படமே சாகனின் நாவலிலிருந்து வந்தது. இரண்டு பக்கமும் ஒரே மனிதரின் பார்வை; பிள்ளை ஒப்பிட முயன்று ஒரே கருத்தை இரண்டு தடவை எழுதிவிடும்.

அதே சாகன் 'தி டெம்பெஸ்ட்'டுக்கு நன்றாகப் பொருந்துவார். 1990 பெப்ரவரி 14இல் வொயேஜர் 1 விண்கலம் ஏறத்தாழ 600 கோடி கிலோமீற்றர் தொலைவிலிருந்து எடுத்த படத்தில் பூமி ஒரு புள்ளிக்கும் குறைவு. அந்தப் படத்தை முன்வைத்து வாசகரை அவ்வளவு தூரம் கூட்டிப்போய், அங்கிருந்து திரும்பிப் பார்க்கவைக்கிறார் சாகன். ஒரே சொல்லில் தொடங்கும் தொடர்களை அடுக்கி மனித வரலாற்றையே அந்தப் புள்ளிக்குள் போட்டுவிடுகிறார். ஒரு தீவில் நின்று உலகத்தைப் புதிதாகப் பார்க்கும் புரொஸ்பெரோவின் மகள் மிரண்டாவையும், உலகமே தீவாகச் சுருங்குவதைப் பார்க்கும் வாசகரையும் அருகருகே வைக்கலாம். புனைவு அல்லாத எழுத்தும் கற்பனைப் பயணமாக முடியும் என்பதை எழுதும் பிள்ளைகள் மிகக் குறைவு. அறிவியல் பிடிக்கும் பிள்ளைகளை இந்தப் பக்கம் திருப்பிவிடுங்கள்.

படநூல்களை உங்களில் பலர் 'சின்னப்பிள்ளைப் புத்தகம்' என்று ஒதுக்குவது எங்களுக்கு வருத்தம் தருகிறது. மொரிஸ் சென்டாக்கின் 'வேர் தி வைல்ட் திங்ஸ் ஆர்' 1963இல் வந்தது. ஓநாய் உடுப்புப் போட்டுக் குழப்படி செய்யும் மக்ஸ் இரவுச் சாப்பாடு இல்லாமல் அறைக்கு அனுப்பப்படுகிறான். அறைக்குள் காடு வளர்கிறது, படகு வருகிறது, பூதங்களின் அரசனாகிறான், வீட்டு நினைவு வந்து திரும்புகிறான். பக்க அமைப்பைக் கவனியுங்கள். தொடக்கத்தில் படம் சிறிதாக, சுற்றிலும் அகன்ற வெள்ளை ஓரத்தோடு இருக்கிறது. அறை காடாக மாறமாற, பக்கம் புரட்டும்தோறும் படம் பெரிதாகி வெள்ளையைத் தின்றுகொண்டே வருகிறது. பூதங்களோடு ஆடும் இடத்தில் மூன்று இரட்டைப் பக்கங்களில் சொல்லே இல்லை, படம் மட்டும். கற்பனை முழுதாக ஆளும்போது மொழி வெளியேறிவிடுகிறது. கடைசிப் பக்கத்தில் படம் இல்லை, ஒரு சிறு வாக்கியம் மட்டும்: சாப்பாடு இன்னும் சூடாக இருந்தது. ஓராண்டுக்கு மேல் கடலில் போனவன் சாப்பாடு ஆறுவதற்குள் திரும்பிவிட்டான். கற்பனையில் காலம் எப்படி இயங்குகிறது என்பதை இதைவிடச் சுருக்கமாகக் காட்டும் சான்று எங்களுக்குத் தெரியவில்லை.

இதில் பிழைபோகும் இடம் ஒன்றே. பிள்ளை 'படங்கள் வண்ணமயமாக உள்ளன' என்று எழுதினால் எல்லாம் போயிற்று. படத்தின் அளவு, வெள்ளை ஓரம், சொல் இல்லாத பக்கம், பக்கம் புரட்டும் தாளம் என்று பெயர் சொல்லி எழுத வேண்டும். நூலகத்தில் புத்தகத்தை எடுத்து, ஒவ்வொரு பக்கத்திலும் படம் எவ்வளவு இடம் பிடிக்கிறது என்று குறித்துக்கொண்டால் ஒரு மணி நேரத்தில் பந்திக்கு வேண்டிய எல்லாம் கையில் இருக்கும். கையேட்டிலிருந்து 'தி ஐவரி ட்ரெய்ல்' புத்தக அட்டையை எடுக்கும் பிள்ளைக்கு மட்டும் படநூல் வேண்டாம். துணையும் படமாக இருந்தால் பாடநூலைத் தவிர வேறெங்கும் மொழியை ஆராய வாய்ப்பு இராது. அந்தப் பிள்ளை கையேட்டிலுள்ள மார்கரெட் அட்வுட்டின் 'ஜேர்னி டு தி இன்டீரியர்' கவிதைக்கு மாறலாம். மனமே திசைகாட்டி உதவாத காடாக விரியும் கவிதை அது. அகப்பயணத்தோடு உரசும் எல்லைக்கோட்டில் நிற்பதால் கவனமாகக் கையாள வேண்டும்.

திரைப்படம் என்றால் முழுப்படத்தையும் தூக்கிக்கொண்டு போகவேண்டாம். இரண்டு மூன்று நிமிடக் காட்சி ஒன்றைத் தெரிந்து, பத்துத் தடவை நிறுத்தி நிறுத்திப் பார்க்கட்டும். 1939இல் வந்த 'தி விஸர்ட் ஒஃப் ஒஸ்' படத்தில் டொரத்தி கதவைத் திறக்கும்போது பழுப்பு நிறம் வண்ணமாக மாறும் ஒரு ஷொட் போதும். அதைச் சொல்லிவிட்டு, அவள் தன் ஊரான கன்சாஸ் திரும்பியதும் பழுப்பே திரும்ப வருவதன் பொருள் என்ன என்று கேட்டால் பந்தி உருவாகிவிடும்.

பெற்றோர் சிலர் நம்மிடம் கேட்பதுண்டு: தமிழ்ப் படைப்பு ஒன்றை எடுக்கலாமா? ஆங்கில மொழிபெயர்ப்பு அச்சில் இருந்து, பள்ளி ஆசிரியரும் சம்மதித்தால் எடுக்கலாம் என்பது எங்கள் கருத்து. எதை எடுப்பது என்பதில்தான் பிசகுகிறோம். புராணக் கதைகள் உடனே நினைவுக்கு வரும். அவற்றை விளக்கவே 220 சொற்களும் போதாது. ஆற்றுப்படையைப் பாருங்கள். பரிசு பெற்றுத் திரும்பும் கலைஞன், வறுமையோடு எதிரே வரும் கலைஞனுக்கு வள்ளலின் ஊருக்குப் போகும் வழியைச் சொல்கிறான். கவிதை முடியும்வரை யாரும் ஓர் அடிகூட எடுத்து வைப்பதில்லை. கேட்பவன் சொல்லாலேயே மலையேறுகிறான். 583 அடிகள் கொண்ட மலைபடுகடாம், பன்றிக்கு வைத்த பொறிகளையும் வழுக்கும் பாறைகளையும் பாம்பு இருக்கும் இடங்களையும் எச்சரித்துக்கொண்டே போகிறது. பத்துப்பாட்டு முழுவதற்கும் ஜே. வி. செல்லையாவின் ஆங்கில மொழிபெயர்ப்பு 1946இல் வந்தது.

இதற்குப் பொருத்தமான பாடநூல் கோல்ரிட்ஜின் 'திஸ் லைம் ட்ரீ பௌவர் மை ப்ரிஸன்'. 1797இல், காலில் கொதிக்கும் பால் சிந்தியதால் நடக்க முடியாமல் மரநிழலில் இருந்தபடி, நண்பர்கள் போகும் பாதையை ஒவ்வோர் அடியாகக் கற்பனையில் தொடர்கிறார் கவிஞர். இரண்டிலும் பேசுபவர் இருந்த இடத்திலேயே இருக்கிறார். இரண்டிலும் நிலக்காட்சிகள் வரிசையாக விரிகின்றன. கோல்ரிட்ஜின் பயணம் அவரையே மாற்றுகிறது: சிறையாகத் தெரிந்த மரநிழல் கடைசியில் அழகாகிறது. ஆற்றுப்படையின் பயணம் கேட்பவனுக்கு நம்பிக்கை தருகிறது. இந்த வேறுபாட்டை எழுதினால் அது அந்தப் பிள்ளையின் சொந்தச் சிந்தனை. அதைப்போல இன்னொன்றைப் பரீட்சகர் அன்று படிக்கமாட்டார். ஆனால் மொழிபெயர்ப்பில் ஓசை, எதுகை, சொல்தேர்வு பற்றி எழுதக்கூடாது. அவை மொழிபெயர்த்தவருடையவை. முன்னிலையில் பேசும் அமைப்பு, 'போ', 'கடந்து செல்' என்ற ஏவல்கள், நிலங்களின் வரிசை ஆகியவை மொழிமாற்றத்திலும் நிற்கும். 30 அடிக்கு மேற்படாத ஒரு பகுதியைத் தெரிந்து, ஆற்றுப்படை என்றால் என்ன என்பதை ஒரே வாக்கியத்தில் சொல்லப் பழக்குங்கள்.

சில வகுப்புகளில், இல்லாத கவிதையொன்றை ஆசிரியரே புனைந்து இல்லாத கவிஞரின் பெயரைப் போட்டுப் பிள்ளைகளுக்குக் கொடுப்பதாக அறிகிறோம். இதை உடனே நிறுத்துங்கள். பிள்ளையைப் பொய் எழுதவைத்து அனுப்புகிறோம். தவிர, சான்றுக்காகவே செய்த கவிதையில் தேடிக் காண எதுவும் இராது என்பதால் பந்தியும் செத்துக் கிடக்கும்.

பட்டியலுக்குப் பதிலாக நீங்கள் செய்யக்கூடியது இது. பிள்ளை மூன்று படைப்புகளைத் தானே தேடிக்கொண்டு வரட்டும். ஒவ்வொன்றுக்கும் 20 நிமிடம் கொடுத்து, உருவத்தில் ஐந்து கூறுகளைக் குறிக்கச் சொல்லுங்கள். ஒவ்வொரு கூறின் பக்கத்திலும், 'இது இப்படி இல்லாமல் வேறு விதமாக இருந்திருந்தால் பயணத்தில் என்ன மாறியிருக்கும்?' என்பதற்கு ஒரு வரி எழுதட்டும். மூன்றுக்காவது பதில் வராத படைப்பைத் தயங்காமல் விடலாம், அது எவ்வளவு புகழ்பெற்றதாக இருந்தாலும். மிஞ்சுவதிலிருந்து ஒன்றை எடுத்து ஒரே பக்கத்தில் தாள் செய்யட்டும்: படைப்பின் பெயர், படைத்தவர், ஆண்டு, வகை, யார் பயணிக்கிறார், பாடநூலில் இல்லாத எதை இது தருகிறது, பத்துச் சொல்லுக்கு மேற்படாத மூன்று மேற்கோள்கள் அல்லது மூன்று காட்சிக் கூறுகள், பாடநூலோடு ஓர் ஒற்றுமை, ஒரு வேறுபாடு. மேற்கோள்களை அச்சுப் பிரதியோடு ஒப்பிடுங்கள். இணையத்தில் கிடைக்கும் பாடல் வரிகளில் பிழைகள் மலிந்திருக்கின்றன.

பிறகு பந்தியை மனப்பாடம் செய்யவிடாதீர்கள். 12 நிமிடத்துக்கு ஒரு வினாவாக மூன்று வினாக்கள் கொடுங்கள். பயணத்தில் முக்கியம் போவதா, போய்ச் சேருவதா? கற்பனைப் பயணம் நடைமுறை உலகத்திலிருந்து தப்பியோடுதலா? பயணித்தவரை அது எப்படி மாற்றுகிறது? ஒரே சான்றுகளை வைத்து ஒவ்வொன்றுக்கும் பந்தி வேறாக வர வேண்டும். முதல் வாக்கியமும் கடைசி வாக்கியமும் மட்டும் மாறி நடு அப்படியே இருந்தால், பிள்ளை வினாவைப் படிக்கவில்லை என்பதைத் திருத்துபவர் உடனே கண்டுகொள்வார். ட்ரையலுக்கு இன்னும் இருக்கும் வாரங்களில் இந்தப் பயிற்சியை வாரத்துக்கு ஒருமுறை செய்தாலும், ஒக்டோபர் பரீட்சைக்கு முன்னர் போதிய தடவை வந்துவிடும். பட்டியலை ஏற்கெனவே கொடுத்துவிட்டவர்கள் அதைத் திரும்ப வாங்கவேண்டும் என்றில்லை. அதிலுள்ள ஏதாவதொரு படைப்பை இந்த 20 நிமிடச் சோதனைக்கு உட்படுத்தி, பந்தியைக் கிழித்துவிட்டுப் பிள்ளையையே புதிதாக எழுதச் சொல்லுங்கள்.

அன்புடன்,
எச்.எஸ்.சி. ஆங்கிலம் கற்பிக்கும் ஆசிரியர் சிலர்
சிட்னி